பனி தின்ற காது

ஹார்பெக் பள்ளத்தாக்கில் ஒருவனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். மடையன் எனலாம், குடிகாரன் எனலாம், கஞ்சப்பிசினாறி எனலாம். அவனும் பதிலுக்கு நம் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டு, அடுத்த வாரமே வந்து நம் வைக்கோலை வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். திருடன் என்றுகூடச் சொல்லிவிடலாம். திருட்டு என்பது என்றோ ஒருநாள் கை செய்த காரியம், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் 'ரோக்' என்று ஒரு வார்த்தை உண்டு. அதை மட்டும் விளையாட்டுக்குக்கூட யார் மேலும் போட மாட்டார்கள். அது காரியத்தைச் சொல்கிற வார்த்தை இல்லை, ஆளையே சொல்கிற வார்த்தை. ரத்தத்திலேயே நாணயம் கிடையாது, இவனை நம்பி மலையில் ஆடு விட முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே அதை எவனும் சொல்ல மாட்டான். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அதுவும் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையே ஆயுசுக்கும் போதும்.

அந்த வார்த்தை லான்டி கஸ்கார்த் மேல் விழுந்தது. விழுந்ததே அவனுக்குத் தெரியாது.

லான்டி ஆள் பெரிது, பேச்சு மெதுவு. வேடிக்கையாக எதையாவது சொல்ல ஆரம்பித்தால் முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவான். என்ன வேடிக்கை என்று கேட்கிறவர்களுக்குக் கடைசி வரை தெரியாது, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கும் ஹை கில் பண்ணை அவனுடையது. அடுத்தவன் ஆடு வழி தவறித் தன் மந்தையில் கலந்துவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. நவம்பர் மாத இடையர் கூட்டத்தில் எல்லோரும் கொண்டுவந்து ஒப்படைப்பார்களே, அதுவரை பொறுக்கவும் மாட்டான். ஒருமுறை ஆலங்கட்டி மழையில் கணவாய் தாண்டிப் போய் ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டு வந்தான். சொந்தக்காரனுக்கு அது தொலைந்ததே தெரியாதாம். லான்டியின் மனைவி தாமார் ஈரக் காலுறையை அடுப்போரம் பிழிந்தபடி, "அந்த வீட்டு ஆட்டுக்கு நீ என்ன மாமனா மச்சானா?" என்று கேட்டாள். தாமார் ஆள் சின்னது, வாய் பெரிது. குழந்தை குட்டி இல்லை. ஆட்டுக்குட்டிகள்தான் மார்ச் மாதம் வந்தால் அடுப்படி முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்.

அங்கே மலைக்கு வேலி கிடையாது. தாய் மேய்ந்த சரிவிலேயே குட்டியும் மேயும், எங்கே விட்டாலும் அங்கேதான் போய் நிற்கும். யார் ஆடு என்று சொல்ல இரண்டு அடையாளம். முதுகில் ஒரு சாயக்குறி, காதில் ஒரு வெட்டு. லான்டியின் ஆடுகளுக்கு முதுகில் சிவப்புப் பட்டை, காது நுனியில் ஒரு கீறல். பக்கத்துச் சரிவுக்காரன் கேலப் மோசப்பின் ஆடுகளுக்கு நீலப் பட்டை, காது நுனியில் ஒரு சதுர வெட்டு. சாயம் வெளுக்கும், காது வெளுக்காது. அதனால் காதை நுனியோடு நறுக்குவது மட்டும் யாருக்கும் கூடாது. நுனியை நறுக்கினால் எவனுடைய குறியையும் அழித்துவிடலாம் அல்லவா? நறுக்கின காதும் ரோக் என்ற வார்த்தையும் அங்கே ஒரே கட்டிலில் படுத்திருப்பவை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டுப் பனி வந்தது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் பேச்சை எடுத்தால் அங்குள்ள ஆண்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். கேலப் கெட்டிக்காரன், வானத்தைப் பார்த்து முன்கூட்டியே மந்தையைக் கீழே இறக்கிவிட்டான். இறக்கியதில் விடுபட்டதெல்லாம் செத்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். லான்டியின் ஆடுகள் மேலேயே மாட்டிக்கொண்டன. அவனும் தாமாரும் நீளக் கழிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடினார்கள். ஆட்டின் மூச்சு உருக்கிய சின்ன ஓட்டை தெரிந்தால் அங்கே தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட வந்ததில் பெரும்பாலும் பிணம். உயிரோடு வந்தவை பசி தாளாமல் ஒன்றின் ரோமத்தை ஒன்று தின்றிருந்தன. முதுகில் சாயம் பூசின ரோமம் போயிற்று. பனி கடித்த காது நுனிகள் கறுத்து, காய்ந்த சருகு மாதிரி உதிர்ந்து விழுந்தன.

தன் பண்ணைச் சுவரோரம் கிடைத்தவை எல்லாம் தன்னுடையவை என்றே லான்டி நினைத்தான். வேறென்ன நினைப்பான்? அரை உயிரும் குறை உயிருமாகக் கிடந்தவற்றுக்கு வாயில் சூடான பால் ஊற்றித் தேற்றினான். புது ரோமம் வளர்ந்ததும் சிவப்புப் பட்டை போட்டான். அவற்றில் ஒரு கிழட்டுத் தாயாடு, வெள்ளை முகத்தில் மூக்கோரம் ஒரு கரும்புள்ளி. மலையில் திறந்து விட்ட மறுநாளே அது மந்தையை விட்டுக் காணாமல் போயிற்று.

நவம்பர் கூட்டத்தில் அதைப் பார்த்தான். சத்திரத்துக்குப் பின்னால், வழி தவறிய ஆடுகளை அடைத்திருந்த பட்டியில் நின்றிருந்தது. கேலப்தான் கொண்டுவந்திருந்தான். அது அவனுடைய ஆடு. அந்தக் கரும்புள்ளி முகத்தை அது குட்டியாக இருந்த நாளிலிருந்து அவனுக்குத் தெரியும். தன் சரிவில், தாய் மேய்ந்த இடத்தில், லான்டியின் சிவப்புப் பட்டையோடும் நுனியில்லாத காதோடும் அது மேய்வதைப் பார்த்துத்தான் அவன் ஓட்டி வந்திருந்தான். லான்டி என்ன செய்கிறான் பார்ப்போம் என்று பட்டியில் விட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். எல்லோருமே பேசாமல் நின்றார்கள்.

லான்டி தன் சிவப்புப் பட்டையைப் பார்த்தான், பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏ கிழவி, இங்கயா சுத்திட்டு இருந்த?" என்று கழுத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனான்.

அங்கே யாராவது ஒருத்தன் கை நீட்டி அந்தக் காதைத் தடவிப் பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும். கத்தி பட்ட காது ஓரம் மழமழவென்று இருக்கும். பனி தின்ற காது தடித்து, நெளிந்து, கரடுமுரடாக இருக்கும். இருட்டில் தடவினாலும் தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒருவன் தன் ஆடு என்று எடுத்த பிறகு, இன்னொருவன் அதன் காதைத் தொடுவது என்றால் அவனை முகத்துக்கு நேரே ரோக் என்று சொல்வதற்குச் சமம். அந்த மரியாதைக்கேட்டை எந்த மனுஷனும் செய்ய மாட்டான். கேலப் தன் இரண்டு கைகளையும் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் விட்டுக்கொண்டார்கள். என்ன மரியாதையோ, நெருப்பில் போட!

லான்டி நாயைக் கூப்பிட்டுக்கொண்டு மலையேறிப் போனபின், சத்திரத்தில் கேலப் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "லான்டி ஒரு ரோக்." யாரோ ஒருவர், அவன் மந்தையில் பாதிக்குக் காது குட்டையாமே என்றார். அத்தோடு பேச்சு கிடா விலைக்கு மாறிவிட்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது, அதுதான் கொடுமை. பேசினாலாவது பதில் பேசலாமே. தேவாலயத்தில் லான்டிக்கு வணக்கம் சொன்னார்கள், மழை வருமா என்று கேட்டார்கள். கோடையில் ரோமம் கத்தரிக்கும் நாட்கள் வந்தன. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாள், அன்றைக்குப் பள்ளத்தாக்கே அங்கே திரண்டு போய்க் கத்தரித்துக் கொடுக்கும். கூலி கிடையாது, சாப்பாடுதான் கூலி. லான்டி தன் கத்தரிக்கோலையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் போனான். கேலப் வீட்டுக்கும் போனான். வராதே என்று யாரும் சொல்லவில்லை. தட்டில் இறைச்சி வைத்தார்கள், அவனும் தன் பாதி வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தான்.

மலையுச்சிப் பண்ணை என்பதால் ஹை கில்லின் முறை கடைசியில். தாமார் விடிவதற்கு முன்பே எழுந்து முப்பது பேருக்கு வேண்டியதைச் செய்தாள். ஆட்டுத்தொடை வேகவைத்தாள், இஞ்சி ரொட்டி சுட்டாள், பெரிய சட்டி நிறைய ரம் சாராயமும் சர்க்கரையும் கலந்த வெண்ணெய் அடித்து வைத்தாள். லான்டி முற்றத்தைப் பெருக்கி, ஆடுகளை அடைத்து, சிவப்புச் சாயத்தைக் கலக்கி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றான். வெயில் ஏறியது. ஓடைப் பாலத்துல தண்ணி ஏறிருக்குமோ என்றான். வானத்தில் மேகமே இல்லை. அப்புறம், நாம நாளைத் தப்பா சொல்லிட்டமோ என்றான். தாமார் இஞ்சி ரொட்டியின் மேல் துணியைப் போட்டு மூடினாள். மத்தியானம் ஆனதும் அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் ஆட்டைப் பிடித்துத் தானே கத்தரிக்க ஆரம்பித்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரோமத்தைச் சுருட்டினாள். அந்த வாரம் முழுக்க இருவருமே கத்தரித்தார்கள், அந்த வாரம் முழுக்க இஞ்சி ரொட்டியே தின்றார்கள்.

தாமாரின் தங்கை டைனா கீழ்ப்பள்ளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாமார் நேராக அவள் அடுப்படிக்குப் போய், என்ன விஷயம் என்று சொல்லாமல் நான் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். டைனா முதலில் அழுதாள், பிறகு சொன்னாள். "அவர அந்த வார்த்தை சொல்றாங்கக்கா. கேலப்போட கரும்புள்ளி ஆட்டுக்கு ரெண்டு காதையும் நறுக்கிட்டாராம்."

தாமார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். திரும்பி மலையேறும்போது, இதை அவனிடம் சொல்வதா மறைப்பதா என்று வழியெல்லாம் யோசித்தாள். மறைத்தால் அடுத்த வருஷமும் அந்த வாசலில் போய் நிற்பானே என்று நினைத்ததும் அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

 லான்டி எழுந்து போய்க் கரும்புள்ளி ஆட்டைத் தேடிப் பிடித்து வந்து, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். அவன் யோசித்தது தன்மேல் விழுந்த பழியைப் பற்றியே அல்ல.

"இது அவன் ஆடுதான் தாமார்," என்றான். "கதவத் தொறந்தா அந்தப் பக்கமே ஓடும். ஊர் சுத்தற கழுதைன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயிருக்கு, பாவம். நான்தான் புடிச்சுப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கேன்."

"காதத் தடவிப் பாக்கச் சொல்லு லான்டி. அது போதும்."

"நான் எப்படிச் சொல்றது? தடவிப் பாருன்னா, நானே அந்த வார்த்தைய எடுத்து என் தலையில வச்சுக்கற மாதிரி."

அன்றைக்கே ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேலப் வீட்டுக்குப் போனான். தாமாரும் கூடப் போனாள், அவளை யாரால் நிறுத்த முடியும்? முற்றத்தில் ஆட்டை இறக்கி, தெரியாமல் என் குறியைப் போட்டுவிட்டேன், பனி தின்ற காது என்று லான்டி திக்கித் திக்கிச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஆட்டின் தலையைக் கேலப் பக்கம் திருப்பிப் பிடித்தான். காது அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கேலப் கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான்.

"சரி லான்டி, ஆடு வந்துடுச்சில்ல," என்றான். "இதப் பத்தி இனிமே நாம பேச வேண்டாம்."

அவனைப் பொறுத்தவரை அது பெருந்தன்மை. பள்ளத்தாக்கில் எல்லோரும் கேலப்புக்குப் பெரிய மனசு என்றார்கள். திருடியவனே பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தான், கேலப் மன்னித்தான், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தன் நேர்மையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டான் லான்டி. அதன்பிறகு அந்தப் பேச்சை உண்மையாகவே ஒருவரும் எடுக்கவில்லை. வழி தவறிய அவன் ஆடுகளை யாரும் கொண்டுவந்து தரவில்லை. கத்தரிப்பு நாளுக்கு யாரும் வரவில்லை, அவனும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வருஷா வருஷம் முற்றத்தில் இரண்டே முக்காலி. வேடிக்கை சொல்வதை மட்டும் அவன் நிறுத்திவிட்டான். தாமார் எத்தனையோ முறை வம்புக்கு இழுத்துப் பார்த்தாள், அவன் நல்லபடியாகத் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான்.

ஐம்பத்தாறாம் வருஷம் மார்ச் மாதம், நெஞ்சில் சளி கட்டி லான்டி செத்தான். குட்டி போடும் காலம். கடைசியாக அவன் கேட்டது, சுவரோரம் நின்ற அந்த இளம் ஆடு ஈன்றதா என்பதுதான்.

சாவு வீட்டுக்குப் பக்கத்து ஆறு வீடுகளிலிருந்து, பெட்டி சுமக்க வீட்டுக்கொரு தோள் வர வேண்டும் என்பது அங்கே முறை. அதற்கு ரோக் என்றும் இல்லை, நல்லவன் என்றும் இல்லை. காலையில் முற்றத்தில் ஆட்கள் கறுப்புக் கோட்டில் வந்து நின்றார்கள். கேலப் மட்டும் அடுப்படிக்குள் வந்தான். கிழவனாகியிருந்தான். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு கதவோரம் நின்றான்.

"அந்தக் கரும்புள்ளி ஆடு எங்கிட்டதான் செத்துது," என்றான். "தோல உரிக்கறப்போ காது கையில பட்டுச்சு. கத்தி பட்ட காது இல்ல தாமார். பனிதான்."

தாமார் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தாள். "எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா லான்டி உயிரோட இருந்தானே. யார்கிட்ட சொன்னீங்க?"

"இப்போ உங்கிட்டதான் சொல்றேன்." கேலப் தொப்பியை இன்னொரு சுற்று சுற்றினான். "சொன்னா, அப்போ அந்த வார்த்தைய வாய்ல எடுத்தவன் யாருன்னு கேப்பாங்க. அது திரும்பி வந்து என் மேல ஒக்காரும். எனக்குப் பசங்க இருக்காங்க தாமார். மன்னிச்சிரு. அவனுக்குத் தோள் குடுக்கணும்னுதான் வந்தேன்."

அந்த வார்த்தை தாமாரின் நாக்கு நுனி வரை வந்தது. முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம், பக்கத்து அறையில் லான்டி படுத்திருக்கிறான். அவள் விழுங்கிக்கொண்டாள்.

"முற்றத்துல எல்லாரும் நிக்கறாங்க," என்றாள். "எங்கிட்ட சொன்னத அங்க போய் சத்தமா சொல்லுங்க. சொல்லிட்டு வந்து தோள் குடுங்க."

கேலப் வெளியே போனான். தாமார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முற்றத்தின் நடுவில் போய் நின்றான். ஆட்கள் அவனைப் பார்த்துத் திரும்பினார்கள். அவன் வாய் திறந்தது. யாரோ அவன் தோளில் தட்டி, உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும் கேலப் என்பது போல ஏதோ சொன்னார். அவன் வாய் மூடியது. தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி, பாதையில் இறங்கிப் போய்விட்டான்.

ஒரு தோள் குறைந்தது. பெட்டியைத் தூக்கும்போது தாமார் வந்து அந்த இடத்தில் நின்றாள். உயரம் எட்டவில்லை, கைகளை மேலே தூக்கித் தாங்கிக்கொண்டு தேவாலயம் வரை நடந்தாள். பார்த்த ஊர் என்ன நினைத்தது தெரியுமா? செத்த பிறகும் கேலப் அந்த ரோக்குக்குத் தோள் கொடுக்கவில்லை என்று நினைத்தது. அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போது தாமார் எல்லாவற்றையும் சொன்னாள், ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள். ஆமாம்மா, ஆமாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்கள். எந்தப் பெண்டாட்டிதான் புருஷனை விட்டுக்கொடுப்பாள்?

ஜூலை வந்தது. ஹை கில்லின் நாள் வந்தது. தாமார் ஒரு ரொட்டிகூடச் சுடவில்லை. ஆடுகளை அடைத்துவிட்டு, லான்டியின் முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நாய் குரைத்தது. பாதை நெடுக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கே வந்துகொண்டிருந்தது, ஆளுக்கொரு முக்காலியும் கத்தரிக்கோலுமாக. முகமெல்லாம் இரக்கம். விதவைக்கு உதவாமல் இருக்க முடியுமா? பண்ணையைப் பிடித்த கறைதான் மண்ணுக்குள் போய்விட்டதே. கடைசியில், எல்லோருக்கும் பின்னால், தரையைப் பார்த்தபடி கேலப்பும் வந்துகொண்டிருந்தான்.

தாமார் வாசலுக்குப் போய்ப் படலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் நெருங்கும் வரை பொறுத்திருந்தாள். அவள் கண் கேலப் மேல் இருந்தது. அந்த வார்த்தையை அவள் எடுக்கவில்லை.

"லான்டி கூப்பிட்டப்போ நீங்க யாரும் வரல," என்றாள். "இப்போ நான் கூப்பிடவே இல்லையே."

படலை அவள் திறக்கவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள்.  பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, வந்த வழியே இறங்கினார்கள்.

தாமார் முக்காலியில் வந்து உட்கார்ந்து முதல் ஆட்டை இழுத்து மடியில் சாய்த்தாள். அதன் காதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். நுனியில், லான்டி போட்ட கீறல் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்துப் பக்கத்திலிருந்து கத்தரிக்க ஆரம்பித்தாள்.